திட்டுவதற்காக வாங்கிய பங்கு

டிவிடெண்ட்காரர் என்றொரு மனித இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே வேட்டி கட்டியிருக்கும், நம்மைப் போலவே காய்கறிக்காரியிடம் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கும், நம்மைப் போலவே பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்குத் துண்டு போடும். ஆனால் பங்குச் சந்தை குப்புற விழுந்துவிட்டது, பல லட்சம் கோடி ஆவியாகிவிட்டது என்று தொலைக்காட்சியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கையில், பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், ஒருவர் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டிருப்பார் பாருங்கள். அவர்தான்.

அவருக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? கம்பெனி சம்பாதித்த லாபத்தில் வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ பங்குதாரர்களுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கிறதே, அந்த டிவிடெண்ட் வந்தால் போதும். விலை ஏறினால்தான் அவருக்கு உள்ளூர வருத்தம். அடுத்த தடவை வாங்கும்போது கூடக் கொடுக்க வேண்டுமே.

இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான மாதிரி ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெயர் அப்பாத்துரை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் பி.டி. சார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை வைத்து அவர் நிலம் வாங்கவில்லை, வீட்டுக்கு மாடி எடுக்கவில்லை. சிமெண்ட், நிலக்கரி, பெட்ரோல், மின்சாரம் என்று கையைக் கரியாக்கும் கம்பெனிகளாகப் பார்த்துப் பங்கு வாங்கினார். அவற்றை விற்பது என்ற பேச்சே கிடையாது. காய்க்கிற தென்னையை யாராவது வெட்டுவார்களா என்று கேட்பார். வெட்டமாட்டார்கள்தான். தேங்காயைப் பறித்துச் சட்னியாவது அரைப்பார்களா என்று நாம் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பி.டி. சார் பங்குச் சந்தைச் செய்திகளைத் தினமும் பார்ப்பார், ஆனால் சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பார்ப்பார். கோட்டு சூட்டுப் போட்ட மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுவார். கீழே சிவப்பும் பச்சையுமாக எழுத்துகள் ஓடும். "வயித்துவலின்னு பொய் சொல்லி மைதானத்துக்கு வராத பயலுவள எத்தனை வருஷம் பாத்தவன் நான்" என்பார். "இந்த ஆளு மூஞ்சியும் அதே மூஞ்சிதான். சத்தம் வேற எதுக்கு?"

தொழில்நுட்பக் கம்பெனிகள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கம்பெனி என்றால் என்ன என்பதற்கு அவரிடம் ஓர் இலக்கணம் உண்டு. வாசலில் பெரிய கேட் இருக்க வேண்டும். கேட்டில் மீசை வைத்த காவல்காரர் இருக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஒன்று கொதிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் கொதிப்பது டீ ஒன்றுதான், அதுவும் மெஷின் டீ. செயற்கை அறிவு என்று இப்போது உலகமே ஒரு காலில் நின்று ஆடுகிறதல்லவா, அதைப் பற்றி அவர் கருத்து சுருக்கமானது: "புதுசா வந்த பய முதல் ரவுண்டுல குதிரை மாதிரிதான் ஓடுவான். மூணாவது ரவுண்டுல வந்து பாரும், வேப்பமரத்தடியில கெடப்பான்."

இதையெல்லாம் அவர் எதில் எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறார்? கைபேசியில். பாபநாசத்தில் மழை உண்டா என்று எதில் பார்க்கிறார்? மீன்காரருக்கு எதில் காசு கொடுக்கிறார்? கேட்டால், அதெல்லாம் வசதி, முதலீடு வேறு என்பார்.

சொந்தக்காரர்களையும் அவர் இந்த அளவுகோலால்தான் அளந்து வைத்திருக்கிறார். ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்த தங்கை வருஷம் தவறாமல் கருப்பட்டி கொடுத்துவிடுவாள். வெள்ளத்தில் ரோடு அறுத்துக்கொண்டு போன வருஷம்கூட எப்படியோ சுற்றுவழியில் வந்து சேர்ந்தது. அவள் டிவிடெண்ட் தங்கை. மைத்துனர் ஒருத்தர் இருக்கிறார். "அத்தான், இந்த வருஷம் பொறுங்க, அடுத்த வருஷம் பெருசா ஒண்ணு பண்ணிருவோம்" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெறுங்கையோடு வந்து, சாப்பிட்டு, பார்சலும் கட்டிக்கொண்டு போவார். அவர் டெக்னாலஜி மைத்துனர்.

டிவிடெண்ட் வரவு வைக்கப்பட்டதாகக் கைபேசியில் செய்தி வருகிற நாள் பி.டி. சாருக்குத் திருநாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசிப்பார். மனைவி சாரம்மாளிடம் நீட்டுவார். அப்புறம் பக்கத்து வீட்டு உமர் பாரூக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் சட்டைப் பையில் அந்த அதிர்வு வந்தபோது, அவர் சொன்ன ஆமென் கடைசி வரிசை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

வந்த பணத்தை என்ன செய்வார்? அதே கம்பெனியில் இன்னும் கொஞ்சம் பங்கு வாங்குவார். எதற்கு? இன்னும் கொஞ்சம் டிவிடெண்ட் வரத்தான். அதை வைத்து? அதுதான் சொன்னேனே.

இப்படி இருக்கையில் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீட்டுச் சலவை இயந்திரம் நின்றுபோனது. பார்க்க வந்த மெக்கானிக் அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில், "சார், இனிமே செலவு பண்ணுததுல அர்த்தம் இல்ல" என்றார். புதிது வாங்க வேண்டும். சாரம்மாளும் வாய்விட்டுக் கேட்டாள்.

"சிமெண்ட் வரட்டும், வாங்கிருவோம்" என்றார் பி.டி. சார்.

சிமெண்ட் வந்தது; மறுபடி சிமெண்டுக்குள்ளேயே போயிற்று. "நிலக்கரி வரட்டும்" என்றார். நிலக்கரியும் வந்து, வாசல்படியில் கால்கூட வைக்காமல் திரும்பிப் போனது. இதற்கிடையில் சாரம்மாள் கொல்லைப்புறத் துவைகல்லில் அவருடைய வெள்ளைக் கால்சட்டைகளையும் வெள்ளைச் சட்டைகளையும் அடித்துக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஓய்வு பெறுவார்கள், அவர்களுடைய வெள்ளை உடுப்பு ஓய்வு பெறாது. சாரம்மாளின் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. பி.டி. சார் அதற்கு ஓர் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

இனி தலைப்பில் சொன்ன பங்கின் கதை.

உமர் பாரூக் வளைகுடாவில் பல வருஷம் இருந்து திரும்பியவர். ராதாபுரம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் பொட்டல் இருக்கிறது. அதில் காற்றாலைக்காரர்கள் காற்றாடி நட்டு வருஷாவருஷம் குத்தகை கொடுக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே பி.டி. சார் அவரை மதித்தார். ஆனால் பாரூக்குக்கு வம்பு பிடிக்கும். பெங்களூரில் ஜிக்மோரா டெக்னாலஜீஸ் என்றொரு கம்பெனி. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் எதையோ செய்கிறது. நல்ல லாபம், தினமும் விலை ஏறுகிறது, ஆனால் பிறந்த நாளிலிருந்து பங்குதாரருக்கு ஒரு பைசா டிவிடெண்ட் கொடுத்ததில்லை. இது தெரிந்த நாள் முதல் பாரூக் காலையில் பல் துலக்கிக்கொண்டே மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், ஜிக்மோரா இன்னைக்கும் ஏறிட்டு வே" என்பார். அன்றைக்கு பி.டி. சாருக்கு இட்லி இறங்காது.

கடைசியில் ஒருநாள் பி.டி. சார் ஒரு முடிவெடுத்தார். கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களைக் கூட்டிப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். இப்போதெல்லாம் அதைக் கம்ப்யூட்டர் வழியாகவே நடத்துகிறார்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பெயர் கொடுத்து அதில் பேசலாம். பி.டி. சார் ஜிக்மோராவில் ஒரே ஒரு பங்கு வாங்கினார்.

"என்ன வே, நீரும் மாறிட்டீரா?" என்றார் பாரூக்.

"முதலீடு இல்ல வே. டிக்கெட். உள்ளே போய்த் திட்டணும்னா டிக்கெட் எடுக்கணும்லா?"

பேச நேரம் ஒதுக்கியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்ததும் அவர் வேறு மனிதர் ஆனார். ஆங்கிலத்தில் ஓர் உரை தயாரித்தார். மொட்டை மாடியில், காயப்போட்டிருந்த தன்னுடைய சட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைப் பேசிப் பழகினார். காற்றடித்தபோது சட்டைகள் கையை ஆட்டி ஆமோதித்தன. சபைக்குச் சொன்னார், மீன்காரரிடம் சொன்னார், முக்கூடலுக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போன இடத்திலும் சொன்னார். ஒரு பெரிய கம்பெனியின் தலைவரை நேருக்கு நேர் நிறுத்தி நம்ம ஊர்க்காரர் ஒருவர் கேள்வி கேட்கப்போகிறார் என்பது வெகு சீக்கிரம் பரவிவிட்டது. பேசாமல் விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது என்ற நிலையைத் தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்டார்.

கூட்டத்தன்று பாரூக் தன் மகளுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னறை மேஜையில் வைத்தார். பி.டி. சார் தன் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் துளைகளை எட்டவில்லை. கேமரா மார்பு வரைக்கும்தான் காட்டும் என்று பாரூக் சொன்னதால் கீழே கட்டம் போட்ட லுங்கியையே, அதாவது எங்கள் ஊர்ச் சாரத்தையே, கட்டிக்கொண்டார்.

கூட்டம் தொடங்கியது. திரையில் தலைவர் தெரிந்தார். வெள்ளைத் தாடி, சட்டைக்கு மேல் கோட்டுகூட இல்லை. பக்கத்தில் கம்பெனியின் நிதிப் பொறுப்பாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண். கூட்டத்தை நடத்துகிற வடக்கத்தி இளைஞர் அவரை 'மலாய் மேடம்' என்று அழைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு பங்குதாரராகப் பேசினார்கள். கல்கத்தாக்காரர் ஒருவர் தலைவரின் முகத்தில் தெய்வீக ஒளி வீசுவதாகச் சொன்னார். பம்பாய்க்காரர் ஒருவர் முன்பெல்லாம் நேரில் கூட்டம் நடக்கும்போது கொடுத்த மிட்டாய்ப் பெட்டியை இப்போது தபாலில் அனுப்பலாமே என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். இன்னொருவர் பேரனின் பிறந்தநாள் அழைப்பை அங்கேயே வைத்தார்.

"பாத்தீரா வே?" என்றார் பி.டி. சார். "ஒருத்தனுக்காவது கேக்கத் தெரியுதா?"

அவர் பெயர் வந்தது. வடக்கத்தி இளைஞர் அதை மூன்றாக உடைத்து, திருநெல்வேலியை நான்காக உடைத்து, பேசுங்கள் என்றார். பி.டி. சார் எழுந்து நின்றார். மாணவனாக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு உட்கார்ந்து பேச வராது. கேட் பற்றிக் கேட்டார். காவல்காரர் பற்றிக் கேட்டார். லாபத்தை எல்லாம் உள்ளுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறீர்களே, உங்களை நம்பிப் பணம் போட்டவன் கையில் என்றைக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். குரல் மைதானத்தின் மறுகோடிக்கு எட்டுகிற குரல். கடைசி வாக்கியத்தில் மேஜையைக்கூட ஒரு தட்டுத் தட்டினார். பாரூக் கைதட்டினார்.

திரையில் தலைவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். வடக்கத்தி இளைஞர், "சார், நீங்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் மைக் அணைந்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நேரம் முடிந்துவிட்டதால் அடுத்தவருக்குப் போகிறோம்."

பி.டி. சார் மேஜையில் தட்டிய கையோடு நின்றார். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த பையனிடம், விசில் இன்னும் ஊதவில்லை, திரும்ப வா என்று சொன்னால் எப்படி நிற்பான், அப்படி. தெரு அவர் கண்முன் வந்தது. மீன்காரரும் வந்தார்.

"டெக்னாலஜி வே" என்றார் மெதுவாக. "ஒரு மைக்கு வேலை செய்யல. இவனுக உலகத்தை மாத்தப் போறானுவளாம்."

"பொறும், நான் பாக்கேன்" என்று பாரூக் மடிக்கணினியில் அங்கே இங்கே தட்டினார். எது எதையோ அமுக்கினார். மூலையில் சிவப்பாக இருந்த சின்னப் படம் ஒன்று பச்சையானது. இருவரும் கவனிக்கவில்லை. அடுத்ததாகப் பேச வேண்டிய பரோடாக்காரர் இணைப்பில் வரவும் இல்லை. ஆகவே அந்த நேரத்தில், இந்தியா முழுவதும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பங்குதாரர்கள் எல்லாருடைய திரையிலும் முழுசாகத் தெரிந்தது பி.டி. சாருடைய முன்னறை. அவர் எழுந்து நின்றதால் சாரமும் தெரிந்தது.

அப்போதுதான் சாரம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். கையில் வாளி. வாளிக்குள் இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று தண்ணீர் குடித்துக் கர்ப்பிணி மாதிரி கனத்துக் கிடந்தது.

"பேசியாச்சா?" என்றாள்.

"ஆச்சு" என்றார்.

"அப்போ இதைப் பிழிய ஒரு கை பிடிங்க. எனக்கு ஒத்தையில முடியல."

போர்வை பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது பிழிந்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கோடியை ஒருவர் வலப்பக்கமாக முறுக்க, அந்தக் கோடியை மற்றவர் இடப்பக்கமாக முறுக்க வேண்டும். கோட்டோடு பி.டி. சார் ஒரு கோடியைப் பிடித்தார். வாளியை நடுவில் வைத்துச் சாரம்மாள் மறு கோடியைப் பிடித்தாள். முறுக்க முறுக்க, அவருடைய மனக்குமுறலும் பிழிபட்டு வெளியே வந்தது.

"லாபத்தை எல்லாம் உள்ளேயே போட்டு முழுங்குதானுவ, சாரம்மா. கேட்டா வளர்ச்சியாம். நம்பிப் போட்டவன் கையில நாலு காசு கொடுக்க மனசு வரல. இதெல்லாம் ஒரு கம்பெனியா?"

"சிமெண்ட் காசு வந்துச்சே, என்னாச்சு?" என்றாள் சாரம்மாள்.

"அது மறுபடி சிமெண்ட்லயே போட்டாச்சு."

"எதுக்கு?"

"பெருகும்லா."

"நிலக்கரி?"

"அதுவும் உள்ளேதான் கெடக்கு. பத்திரமா இருக்கு."

சாரம்மாள் முறுக்குவதை நிறுத்தினாள். "அப்போ நீங்களும் உள்ளேயே போட்டுத்தான் முழுங்குதிய. நம்பிப் போட்டவ கையில என்ன வந்துச்சு?"

இந்த இடத்தில் பி.டி. சார் பேசாமல் இருந்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ கணவர்கள் இந்த இடத்தில் பேசாமல் இருந்து தப்பித்திருக்கிறார்கள். அவர் கேட்டார்:

"நீ என்ன போட்ட?"

"சோறு போட்டேன்" என்றாள் சாரம்மாள்.

பாரூக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்தும் தெரிந்தது.

"முப்பது வருஷமாப் போடுதேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, கடையில் கணக்குச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். "ஒரு நாள் விட்டதில்ல. காய்ச்சல்லயும் போட்டேன். என்ன கெடச்சுச்சு? வலிக்குதுன்னு சொன்னா கையை இப்பிடித் திருப்பு, அப்பிடித் திருப்புன்னு சொல்லித் தாறிய. உங்க ஜிக்மோராக்காரன் தேவலை. அவன்கிட்ட மாட்டினது நீங்க ஒரு பங்கோடதான். நான் மொத்தமா மாட்டியிருக்கேன்."

பி.டி. சார் தன் கோடியை மட்டும் ஒரு முறுக்கு முறுக்கினார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், மைக் ஆன்ல இருக்கு."

மூவரும் திரும்பினார்கள். திரையில் நிதிப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் முத்துமாலை. எனக்கு முக்கூடல்தான். நீங்க பேசுனது முழுக்க எல்லாருக்கும் கேட்டுச்சு, சார். அம்மா, போர்வையை விட்டுராதிய, தரையில விழுந்து மறுபடி அழுக்காயிரும்."

மலாய் மேடம் என்பது முத்துமாலை என்று அப்போதுதான் விளங்கியது. பி.டி. சார் போர்வையை விடவில்லை. விட்டால் சாரம் முழுதாகத் தெரியும்.

தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். திருநெல்வேலிப் பங்குதாரர் என்ன சொல்கிறார், அந்தத் துணி எதைக் குறிக்கிறது என்பது போல. முத்துமாலை முகத்தைத் திருத்திக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார்: லாபத்தை மறுபடி தொழிலுக்குள்ளேயே போடுவது சரியா, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது சரியா என்பதுதான் கேள்வி, அந்த அறையிலேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது, நீண்டகாலப் பங்குதாரர் ஒருவர் அதிருப்தி தெரிவிக்கிறார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் என்றார். கொஞ்ச நேரம் பேசினார். முத்துமாலை அதைத் தமிழில் சொன்னார்.

"எங்க தலைவர் என்ன சொல்லுதாருன்னா, உள்ளே போட்டா வளரும்னு நம்பிக்கை இருந்தா போடலாம், சார், தப்பில்ல. ஆனா போட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும். அதுக்குத்தான் நாங்க வருஷாவருஷம் கூட்டம் போட்டு ஓட்டெடுக்கோம். உங்க வீட்டுல அப்பிடி எதுவும் உண்டா, சார்?"

"இல்லம்மா" என்றார் பி.டி. சார். வகுப்புக்கு வெளியே நிற்கிற பையன் குரலில்.

"இப்போ எடுத்துருவோம்" என்றாள் சாரம்மாள். "மெஷின் வாங்கணும்னு நான் சொல்லுதேன். பாரூக்கண்ணே, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் வெளி ஆளு, தங்கச்சி" என்றார் பாரூக். "ஆனாலும் மெஷின்ல ஒரு பரக்கத்து இருக்கு, வீடு செழிக்கும்."

"நீங்க?"

பி.டி. சாருக்குக் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையிலும் போர்வை. தலையை ஆட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கல்கத்தாக்காரர், ஒரு வார்த்தை புரியாமலே, எழுந்து நின்று கைதட்டியதாகப் பாரூக் இன்றைக்கும் சொல்கிறார்.

அன்று மாலைக்குள் அந்தக் காட்சி சபையின் வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. மீன்காரர் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார். கம்பெனி பிறகு வெளியிட்ட கூட்டக் குறிப்பில், 'திருநெல்வேலியைச் சேர்ந்த பங்குதாரர் சலவைத் துறையில் முதலீடு செய்வது குறித்து வலியுறுத்தினார். நிர்வாகம் கவனத்தில் எடுத்துக்கொண்டது' என்று ஒரு வரி இருந்தது. பி.டி. சார் ஒரு வாரம் தெருப்பக்கம் வரவில்லை. வந்தபோது எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மெஷின் வந்தாச்சா, சார்?

பெட்ரோல் கம்பெனியின் டிவிடெண்ட் வந்த அன்று, அதைத் திருப்பி அனுப்ப அவர் விரல் பழக்கதோஷத்தில் கைபேசியை நோக்கிப் போனது. சாரம்மாள் துவைகல்லில் அடிக்கிற சத்தம் கொல்லையிலிருந்து கேட்டது. விரலை எடுத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு கடைக்குப் போனார்.

கடைப் பையன் ஒரு பளபளப்பான மெஷினைத் தட்டிக் காட்டினான். "இது செயற்கை அறிவு உள்ளது, சார். துணி எவ்வளவு கனம், எவ்வளவு அழுக்கு, எல்லாம் தானாக் கண்டுபிடிச்சிரும்."

பி.டி. சார் முகம் கடுத்தது. "அறிவில்லாதது ஒண்ணு காட்டு."

"அறிவில்லாதது இப்போ வாரதில்ல, சார்."

அவர் சாரம்மாளைப் பார்த்தார். சாரம்மாள் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து, மூடினாள். "இதுவே இருக்கட்டும்" என்றாள். இருந்தது.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? டிவிடெண்ட்காரர் எங்கே திருந்துவார்? டெக்னாலஜி பங்குகள் விழுந்தால் இன்றைக்கும் அவர் நடையில் ஒரு துள்ளல் வருகிறது. டிவிடெண்ட் வந்தால் மறுபடி பங்கு வாங்குகிறார். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அடுக்களை வாசலில் போய் நிற்கிறார். "ஏட்டி, மின்சாரம் வந்திருக்கு. என்ன பண்ணட்டும்?" என்கிறார். சாரம்மாள் சில சமயம் உள்ளே போடச் சொல்கிறாள், சில சமயம் கையை நீட்டுகிறாள். போன தடவை நீட்டினாள். இரண்டு பேரும் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் நின்று சாப்பிட்டு வந்தார்கள். பி.டி. சார் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் அந்தக் காசு இந்நேரம் என்னவாகப் பெருகியிருக்கும் என்று சொல்லவேயில்லை. பஸ் ஏறின பிறகுதான் சொன்னார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்குப் பங்கும் இல்லை, டிவிடெண்டும் இல்லை, இந்த ஆள் வேறு, நாம் வேறு என்ற நிம்மதியில் வருகிற சிரிப்பு அது. அப்படியே இருக்கட்டும். ஆனாலும் 'அடுத்த மாசம் பாப்போம்' என்று வீட்டில் ஒருவரிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது, எதற்காகச் சொன்னீர்கள், அந்த அடுத்த மாதம் வந்து எத்தனை மாதமாயிற்று என்று சும்மா ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் பரவாயில்லை. அடுத்த அறையில் இருப்பவருக்கு நன்றாக நினைவிருக்கும்.